கடைசிக் கோப்பையை ஊற்றியவர்

ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் உள்ள டாஸ்மேனியா தீவில் டிரயபன்னா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 2002 ஜனவரி 24 அன்று மாலை, வேலை முடிந்து வந்த ஒருவர் அங்குள்ள டான்டாரா மோட்டார் இன் என்ற விடுதியில் குடிக்க உட்கார்ந்தார். அவர் ஓட்டி வந்தது மனைவியின் மோட்டார் சைக்கிள். வழியில் போலீஸ் நிற்பதாகப் பேச்சு அடிபட்டது. எனவே வண்டியை விடுதியின் ஓர் அறையில் பூட்டி, சாவியை விடுதிக்காரர் பொறுப்பில் விடுவது என்று ஏற்பாடாயிற்று. மனைவி வந்து அழைத்துப்போவார் என்பது எண்ணம். சில மணி நேரம் கழித்து, இனி ஊற்ற மாட்டேன் என்று விடுதிக்காரர் மறுத்தார். மனைவியைக் கூப்பிடட்டுமா, எண் கொடுங்கள் என்றும் கேட்டார். பதிலாகக் கிடைத்தது அச்சில் ஏற்ற முடியாத ஒரு வசவு. அதன்பின் அந்த மனிதர் வண்டியைக் கேட்டார். ஓட்டிவிட முடியுமா என்று விடுதிக்காரர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் முடியும் என்றே பதில் வந்தது. சாவி கைமாறியது. அவர் வீடு போய்ச் சேரவில்லை. அவருடைய இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 253 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது. இந்தியச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் உச்சவரம்பு 30 மில்லிகிராம்.

விடுதியை நடத்திய நிறுவனத்தின் பெயர் சி.ஏ.எல். நம்பர் 14. வழக்கும் சட்ட உலகில் அந்தப் பெயராலேயே அறியப்படுகிறது. விடுதிக்குப் பொறுப்பில்லை என்றார் விசாரணை நீதிபதி. உண்டு என்றது மாநில மேல்முறையீட்டு அமர்வின் பெரும்பான்மை. 2009 நவம்பரில், அந்நாட்டின் உச்ச அமைப்பான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக விடுதியின் பக்கம் நின்றார்கள். வயது வந்த ஒருவர் எவ்வளவு குடிப்பது என்பது அவர் பாடு. எதிரில் இருப்பவருக்கு எந்த அளவு போதை ஏறியிருக்கிறது என்று கணிப்பது எளிதல்ல. ஒவ்வொரு கோப்பைக்கும் துருவித் துருவிக் கேட்டால் அது அவருடைய அந்தரங்கத்தில் தலையிடுவதாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, உரியவர் வண்டியைத் திருப்பிக் கேட்கும்போது கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் அதிகாரம் விடுதிக்காரருக்குச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆகவே மிக விதிவிலக்கான சூழல் தவிர, குடித்தவரை அவரிடமிருந்தே காப்பாற்றும் கடமை விற்றவருக்குக் கிடையாது என்று தீர்ப்பாயிற்று.

இந்தத் தீர்ப்பைக் கல்நெஞ்சத் தீர்ப்பு என்று ஏசியவர்கள் உண்டு. ஆனால் விடுதிக்கு எதிராக நின்றது யார் என்றும் பார்க்க வேண்டும். கணவனை இழந்த பெண்ணோடு மோட்டார் விபத்துக் காப்பீட்டு வாரியமும் வாதியாக இருந்தது. தவறு யாருடையது என்று பாராமல் விபத்துக்குள்ளானவர்களுக்குப் பணம் தரும் அரசு அமைப்பு அது. கொடுத்ததை விடுதியிடமிருந்து மீட்க முடியுமா என்று பார்த்தது. தனிமனிதச் சுதந்திரம் பற்றிய உயர்ந்த வாதங்களுக்கு அடியில், எந்தப் பணப்பையிலிருந்து பணம் போக வேண்டும் என்ற கேள்வியும் ஓடிக்கொண்டிருந்தது. மது விற்றவரின் பொறுப்பு பற்றிய வழக்குகளில் இது அடிக்கடி நடப்பதுதான்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் உறுத்துவது வேறு. சோதனை பயத்தில் வண்டியை வாங்கிப் பூட்டி, ஊற்ற மறுத்து, மனைவியைக் கூப்பிட முன்வந்து, ஓட்ட முடியுமா என்று மூன்று முறை கேட்ட மனிதர் அந்த வட்டாரத்திலேயே அக்கறையான விடுதிக்காரராக இருந்திருக்கக்கூடும். ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் இழுபட்டது அவருடைய நிறுவனம்தான். எதையும் கண்டுகொள்ளாமல் ஊற்றிக்கொண்டே இருந்தவர்மீது இப்படி ஒரு வழக்கைக் கட்டியெழுப்புவது இதைவிடக் கடினம். ஏனென்றால் உலகின் பெரும்பாலான சட்டங்களில் மது விற்றவரின் பொறுப்பு அவர் கண்ணைப் பின்தொடர்ந்தே போகிறது. அவருக்கு என்ன தெரிந்தது, அவர் எதைக் கண்டார், எதைக் கண்டிருக்க வேண்டும் என்பவையே கேள்விகள். ஆளைப் பார்க்காமலே விற்பதற்கு ஏற்றபடி அமைந்த கடைக்கு இந்தக் கேள்விகளால் ஆபத்து குறைவு.

ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய நிலைப்பாட்டில் கண்ணுக்கே வேலை இல்லை. கேடு விளைந்தது குடித்ததால், விற்றதால் அல்ல. திடமான ஒரு மனிதன் தானே எடுத்துக் குடித்தான் என்ற இடத்தில் காரணச் சங்கிலி அறுந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் இதை உடைக்க அமெரிக்காவின் மதுவிலக்கு இயக்கம் சட்டமன்றங்களை நாடியது. விஸ்கான்சின் மாநிலம் 1849இல் கொண்டுவந்த சட்டம், மது விற்பவர் முன்கூட்டியே ஈட்டுப் பத்திரம் எழுதித் தரவேண்டும் என்றது. விற்பனையால் வறுமைக்கு ஆளானவர்களையும் விதவைகளையும் அநாதைகளையும் தாங்கும் செலவு அவர் தலையில் விழும். இந்தியானா 1853இலும் ஒஹாயோ 1854இலும் பின்தொடர்ந்தன. இல்லினாய் 1872இலும் நியூயார்க் 1873இலும் சட்டம் செய்தன. இந்தச் சட்டங்கள் மனதில் வைத்திருந்தது குடிகாரனின் வீட்டை. வழக்குத் தொடுக்கும் உரிமை முதன்மையாக மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கப்பட்டது. பல இடங்களில் மணமான பெண்கள் தங்கள் பெயரில் வழக்காடவே தடைகள் இருந்த காலம் அது.

நியூயார்க் சட்டத்தின்கீழ் எழுந்த ஒரு வழக்கு 1878இல் மாநிலத்தின் உச்ச மன்றத்துக்குப் போனது. ஒருவருடைய மகன் ஒரு விடுதியில் குடித்துவிட்டு, தந்தையின் குதிரையை வெறிகொண்டு ஓட்டியதில் அது செத்துப்போனது. தந்தை வழக்குப் போட்டது மதுவை ஊற்றியவர்மீது அல்ல. கட்டடத்தை வாடகைக்கு விட்ட சொந்தக்காரர்மீது. அங்கே மது விற்கப்படும் என்று தெரிந்தே வாடகைக்கு விட்டார் என்பது குற்றச்சாட்டு. சட்டம் செல்லும், கட்டட உரிமையாளர் பணம் கட்டவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வாடகை வாங்கும் கையும் பொறுப்பேற்க வேண்டும் என்று அந்தக் காலச் சட்டமன்றம் துணிந்திருக்கிறது. இன்றைய சட்டங்களில் பெரும்பாலானவை அவ்வளவு தூரம் போவதில்லை.

1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. அது போனபின் பல மாநிலங்கள் இந்தப் பழைய சட்டங்களையும் கைவிட்டன. கார் பெருகிய பிறகுதான் கேள்வி மறுபடி எழுந்தது. இம்முறை எழுப்பியவை நீதிமன்றங்கள். 1959இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ராப்பபோர்ட் வழக்கில், சட்ட வயதை எட்டாத ஓர் இளைஞன் ஒன்றன்பின் ஒன்றாகச் சில மதுக்கடைகளுக்குப் போய்க் குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒருவரைக் கொன்றிருந்தான். விற்ற இடத்திலிருந்து சாலை வரைக்கும் ஆபத்து நீளும் என்பது கார் யுகத்தில் யாருக்கும் தெரிந்ததே, எனவே கடைகள்மீது கவனக்குறைவு வழக்கு செல்லும் என்றது நீதிமன்றம். காரணச் சங்கிலி அறுபட்ட இடத்தில் அப்படித்தான் முடிச்சு விழுந்தது.

கலிஃபோர்னியாவில் இது இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. 1968 ஏப்ரலில், மலைமேல் இருந்த பக்ஹார்ன் லாட்ஜ் என்ற விடுதியில் ஒருவருக்கு இரவு பத்து மணி முதல் மறுநாள் அதிகாலை ஐந்தேகால் வரை மது ஊற்றப்பட்டது. வழக்கமாக இரண்டு மணிக்கு மூடவேண்டிய இடம். அங்கிருந்து கீழே இறங்க ஒரே பாதைதான். செங்குத்தான, குறுகலான, வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை. விடுதிக்காரருக்கு அது தெரியும் என்பது வாதியின் முறையீடு. வெஸ்லி எதிர் சேகர் என்ற இந்த வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1971இல் பழைய கோட்பாட்டைத் தூக்கி எறிந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, கலிஃபோர்னியா ஆட்களை விளம்பரம் செய்து வரவழைத்துக் குடிக்கவைத்த நெவாடா சூதாட்ட விடுதி ஒன்றின்மீதும் அதே விதியைப் பாய்ச்சியது. 1978இல் இன்னொரு படி ஏறி, குடியிருப்பு வளாகத்தில் விருந்தினருக்கு மது தந்தவர்கள் மீதும் பொறுப்பைச் சுமத்தியது.

அதோடு சட்டமன்றம் விழித்துக்கொண்டது. அதே 1978இல் இந்த மூன்று தீர்ப்புகளையும் பெயர் சொல்லி ரத்து செய்யும் திருத்தம் வந்தது. கேட்டுக்குக் காரணம் குடித்ததே, பரிமாறியதல்ல என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதிவைத்தார்கள். வெளிப்படையாகப் போதையில் இருக்கும் வயது குறைந்தவருக்கு விற்றால் மட்டும் விலக்கு. விநோதம் என்னவென்றால், வெளிப்படையான போதையில் இருப்பவருக்கு மது விற்பது கலிஃபோர்னியாவில் அதே பிரிவின்கீழ் இன்றும் குற்றம். விற்றவரைத் தண்டிக்கலாம், அவரால் கால் இழந்தவர் அவரிடம் ஒரு டாலர்கூட வாங்க முடியாது. விடுதித் தொழிலும் காப்பீட்டுத் தொழிலும் சட்டமன்றத்தில் எவ்வளவு வலுவாக இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. சூதாட்டக்கூடங்களில் ஆடுபவருக்கு இலவசமாகவே மது ஊற்றும் நெவாடா, உரிமம் பெற்று விற்றவரின் பொறுப்பை இன்றுவரை ஏற்கவில்லை. அதில் யாருக்கும் வியப்பு இருக்க வேண்டியதில்லை.

பொறுப்பை ஏற்கும் மாநிலங்களில் பெரும்பாலானவை ஒரே வாசலில்தான் நிற்கின்றன: பரிமாறியபோது வாடிக்கையாளர் பார்த்த மாத்திரத்தில் தெரியும்படி போதையில் இருந்தாரா? நியூ ஜெர்சி 1987இல் இயற்றிய சட்டம் இதை ஒரே வழியாக ஆக்கிவிட்டது. டெக்ஸாஸ் அதே ஆண்டில், தனக்கும் பிறருக்கும் தெளிவான ஆபத்து என்னும் அளவுக்குப் போதை வெளிப்படையாக இருந்திருக்க வேண்டும் என்று வாசலை இன்னும் குறுக்கியது. ஊழியர்களை அரசு ஏற்ற பயிற்சிக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கிவைத்து, விதியை மீறும்படி அவர்களைத் தூண்டாமல் இருந்தால், ஊழியர் செய்த தவறு முதலாளியைச் சேராது என்ற பாதுகாப்பும் அங்கே உண்டு. இல்லினாய் வேறு பாதையில் போகிறது. போதைக்குக் காரணமான மதுவை விற்றது நிரூபணமானால் போதும். கண்டாரா காணவில்லையா என்ற கேள்வியே இல்லை. அதற்கு ஈடாக இழப்பீட்டுத் தொகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். உரிய முறையில் வேலை செய்யக்கூடிய சட்டம் இதுதான் என்பது என் கருத்து. கண்ணை மூடிக்கொள்வதற்கு இது பரிசு தருவதில்லை.

‘பார்த்த மாத்திரத்தில்’ என்பதை நிரூபிப்பது எப்படி? விபத்துக்குப்பின் மருத்துவமனையில் எடுத்த இரத்த அளவு கிடைக்கும். இரத்தத்தில் ஆல்கஹால், 100 மில்லிலிட்டருக்கு மணிக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் என்ற வேகத்தில் குறைகிறது. சுவீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த சூத்திரத்தைக் கொண்டு, கடைசிக் கோப்பை ஊற்றிய நேரத்தில் அளவு என்னவாக இருந்திருக்கும் என்று நிபுணர்கள் பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். ஆனால் இரத்தத்தில் இருந்தது முகத்தில் தெரிந்ததா? தினமும் குடிப்பவர் 200 மில்லிகிராமிலும் நா குழறாமல் கணக்குக் கேட்பார். எப்போதாவது குடிப்பவர் 80இல் தடுமாறுவார். அதிக ஆபத்தானவரிடம் அடையாளம் குறைவு. அதனால் வழக்கறிஞர்கள் பில்லையும் கண்காணிப்புக் கேமராப் பதிவையும் தேடுகிறார்கள். எத்தனை மணிக்கு எத்தனையாவது கோப்பை, யார் ஊற்றியது என்று கடையின் கணினி வைத்திருக்கும் கணக்கே கடைக்கு எதிரான சாட்சியாகிறது.

நியூ ஜெர்சியின் ஜயன்ட்ஸ் விளையாட்டரங்க வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1999இல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்த்துவிட்டுப் போன ஒருவர், வழியில் எதிர்ப்பட்ட காரில் மோதியதில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. ஓர் ஆளுக்கு ஒரு தடவையில் இரண்டு பீர்தான் என்ற விதி அரங்கில் இருந்தும், கையில் கொஞ்சம் காசைத் திணித்து ஆறு வாங்கியதாக அவர் சொன்னார். 2005இல் ஜூரி தீர்ப்பளித்த தொகை 13.5 கோடி டாலர். மறு ஆண்டே மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. அரங்கில் பொதுவாகவே குடிவெறிச் சூழல் நிலவியது என்று காட்டும் சாட்சியங்களை ஜூரியின் முன் வைத்தது தவறு என்றார்கள் நீதிபதிகள். சூழலைக் காட்டிப் பயனில்லை. இந்த விற்பனையாளர், இந்த மனிதரை, போதை தெரியும் நிலையில் கண்டு விற்றார் என்றே நிறுவியாக வேண்டும். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் உட்காரும் அரங்கில், வரிசையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டு நகரும் ஒருவரின் முகத்தை யார் பார்த்தார்கள் என்று ஒரு குடும்பம் நிரூபிக்க வேண்டும்!

கனடா இதை வேறொரு திசையிலிருந்து அணுகியது. ஒன்டாரியோவின் ஜோர்டன் ஹவுஸ் விடுதிக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். குடித்தால் மற்றவர்களைத் தொந்தரவு செய்வார் என்பது ஊருக்கே தெரியும். பொறுப்பான ஒருவர் கூட வந்தால் ஒழிய அவருக்கு ஊற்றக்கூடாது என்று ஊழியர்களுக்கு நிர்வாகம் சொல்லியும் வைத்திருந்தது. 1968 ஜனவரியில் ஓர் இரவு, தனியாக வந்தவருக்கு மிதமிஞ்சி ஊற்றிவிட்டு, அவர் தொந்தரவு செய்யத் தொடங்கியதும் வெளியே தள்ளினார்கள். விடுதி இருந்தது நெடுஞ்சாலை ஓரம். சற்று நேரத்தில் சாலையில் நடந்துகொண்டிருந்தவர்மீது கார் மோதியது. கனடா உச்ச நீதிமன்றம் 1973இல் பொறுப்பை மூன்றாகப் பங்கிட்டது: விடுதிக்கு ஒரு பங்கு, கார் ஓட்டியவருக்கு ஒன்று, குடித்தவருக்கே ஒன்று. தீர்ப்பை எழுதிய நீதிபதி போரா லாஸ்கின் பின்னாளில் தலைமை நீதிபதியானவர். விடுதியை அந்தத் தீர்ப்பில் மாட்டிவைத்தது அதற்கு அந்த வாடிக்கையாளரைப் பற்றித் தெரிந்திருந்த விஷயங்கள்தான்.

1995இல் வந்த ஸ்டூவர்ட் வழக்கு இந்தத் தர்க்கத்தை மறுமுனைக்குக் கொண்டுபோனது. எட்மன்டன் நகரில் சாப்பிட்டுக்கொண்டே நாடகம் பார்க்கும் அரங்கம் ஒன்றில் இரண்டு தம்பதியர் மாலை முழுதும் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் குடித்தார்கள், பெண்கள் குடிக்கவில்லை. பரிமாறிய பெண் ஆரம்பம் முதல் கடைசிவரை அதே மேசைக்கு ஊற்றிக் கணக்கையும் வைத்திருந்தார். எனவே எவ்வளவு குடித்தார்கள் என்பது விடுதிக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. திரும்பும் வழியில் குடித்தவரே ஓட்டினார். காரில் இருந்த அவருடைய சகோதரிக்குக் கை கால் இரண்டும் செயலிழந்தன. சாலையில் போகும் மூன்றாமவருக்கும் விடுதி கவனக் கடமைப்பட்டது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்த மேசையில் குடிக்காத இரண்டு பேர் இருந்ததைப் பரிமாறியவர் கண்டார், அவர்களில் ஒருவர் ஓட்டுவார் என்று நினைப்பது நியாயமே என்று விடுதியை விடுவித்தது. ஒரே பெண்ணின் இரண்டு பார்வைகளும் ஒரே தராசில் வைக்கப்பட்டன.

வீட்டு விருந்து வேறு கதை. 2006இல் சைல்ட்ஸ் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், தங்கள் வீட்டுப் புத்தாண்டு விருந்துக்கு அவரவர் மதுவைக் கொண்டுவந்து குடித்தவர்களுக்காக வீட்டுக்காரர் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றது. விற்பனையாளருக்கு லாபம் உண்டு, கண்காணிக்க ஆளும் பயிற்சியும் உண்டு. வீட்டுக்காரருக்கு எதுவும் இல்லை. டொரொன்டோ வட்டாரத்தில் வாழும் தமிழர்களுக்கு இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல. ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற மண்டபத்தில் திருமண வரவேற்பு வைத்தால் பொறுப்பு மண்டபத்தாருக்கு. பரிமாறுபவர்கள் ஸ்மார்ட் சர்வ் என்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும். உரிமம் இல்லாத கூடத்தில் வைத்தால் சிறப்பு நிகழ்ச்சி அனுமதி வாங்க வேண்டும். அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடும் பெண்ணின் தந்தையோ மாப்பிள்ளையின் அண்ணனோ அந்த இரவுக்கு விதிகளின் பொறுப்பாளி. ‘நம்ம வீட்டு விசேஷம்தானே’ என்ற பேச்சு அந்தக் கையெழுத்தோடு எடுபடாமல் போகிறது.

இங்கிலாந்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. போதையில் இருப்பவருக்கு மது விற்பது 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி அங்கே குற்றம். வழக்கு வருவதோ அபூர்வம். 1995இல் கடற்படை வீரர் ஒருவர் தளத்தில் மிதமிஞ்சிக் குடித்து இறந்த வழக்கில், குடிப்பதைத் தடுக்கும் கடமை படைக்கு இல்லை, அவர் விழுந்தபின் தூக்கிப் படுக்கவைத்ததோடு சரியாகக் கவனிக்காமல் விட்டதற்கு மட்டும் பொறுப்பு உண்டு என்றார்கள்.

முற்றிலும் வேறு கேள்வியைக் கேட்ட நாடு ஜப்பான். 2006 ஆகஸ்டில் ஃபுகுவோகா நகரில், குடித்துவிட்டு ஓட்டிய ஒருவரின் கார் இடித்ததில் முன்னால் போன வண்டி பாலத்திலிருந்து கடலில் விழுந்து மூன்று குழந்தைகள் இறந்தன. நாடே கொதித்தது. மறு ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத் திருத்தம், வண்டி ஓட்டக்கூடியவருக்கு மது கொடுப்பதையும், குடித்தவருக்கு வண்டி கொடுப்பதையும், குடித்தவரை ஓட்டச் சொல்லி அந்த வண்டியில் ஏறிப் போவதையும் தனித்தனிக் குற்றங்களாக்கியது. மது கொடுத்தவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். இங்கே கடைக்காரர் கண்டுபிடிக்க வேண்டியது வாடிக்கையாளர் தள்ளாடுகிறாரா என்பதை அல்ல. எப்படி வந்தீர்கள் என்று கேட்டால் போதும். முதல் கோப்பைக்கு முன்பே, தெளிவான மனிதரிடம், தெளிவான பதில் கிடைக்கும் கேள்வி அது. காரை ஓட்டிக்கொண்டு கூடவே வீடுவரை வந்து விட்டுப்போகும் மாற்று ஓட்டுநர் தொழில் ஜப்பானில் முன்பே உண்டு. சட்டம் அதற்குக் கூடுதல் வேலை கொடுத்தது.

இத்தகைய பொறுப்பால் உயிர் காக்கப்படுகிறதா? அமெரிக்காவில் சமூகத் தடுப்புச் சேவைகள் குறித்த பணிக்குழு 2011இல் வெளியிட்ட மதிப்பாய்வு 11 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. விற்றவர்மீது இழப்பீட்டுப் பொறுப்பு இருக்கும் இடங்களில் மது தொடர்பான வாகன விபத்து மரணங்கள் இடைநிலை அளவில் 6.4 விழுக்காடு குறைவு என்று கண்டது. சிறிய எண்போலத் தோன்றும். 2022இல் மட்டும் அந்த நாட்டில் மது அருந்தி ஓட்டியதால் நேர்ந்த விபத்துகளில் 13,524 பேர் இறந்தார்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் சிறியதல்ல. கடைக்காரரைத் திருத்துவது நீதிமன்றத்தைவிட அவருடைய காப்பீட்டு நிறுவனம்தான். ஊழியருக்குப் பயிற்சி இல்லையென்றால் பிரீமியம் ஏறும்.

இந்தியாவில் இந்தக் கேள்வி கிட்டத்தட்ட கேட்கப்படவே இல்லை. விபத்து என்றால் மோட்டார் வாகனத் தீர்ப்பாயம், அங்கே காப்பீட்டு நிறுவனம். ஓட்டுநர் குடித்திருந்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நிறுவனத்துக்கு உத்தரவாகும். மது எங்கே வாங்கப்பட்டது என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்து ஆவது ஒன்றுமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவு, குடித்து ஓட்டுவதற்குத் துணைபோவதையும் தண்டிக்கிறது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022இல் இதைக் கையில் எடுத்தபோது அபராதம் விழுந்தது பின்னால் உட்கார்ந்து போனவர்கள் மேல். விற்ற இடத்தை நோக்கி அந்தப் பிரிவு நகரவில்லை. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய கார் மோதி இரண்டு மென்பொறியாளர்கள் இறந்தபோது, மது பரிமாறிய பார்களின் ஆட்கள் கைதானார்கள். அது சிறுவருக்கு மது கொடுத்த குற்றத்துக்காக. சிறுவனுக்கு வயது வந்திருந்தால் அந்தப் பார்களின் பக்கம் யாரும் திரும்பியிருக்கப் போவதில்லை.

உச்ச நீதிமன்றம் ஒருமுறை மதுவையும் சாலையையும் சேர்த்துப் பார்த்தது. தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடுத்து, மேல்முறையீட்டில் அங்கே வந்த வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று ஆணையிட்டது. 2017 மார்ச்சில், 20,000 பேர் வரை மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிப் பகுதிகளில் அது 220 மீட்டராகத் தளர்த்தப்பட்டது. டேப் வைத்து அளக்கும் நீதி இது. கடை எங்கே இருக்கிறது என்று கேட்டது. கடைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. மாநிலங்கள் சாலைகளின் வகையை மாற்றி அறிவித்து வழி தேடிக்கொண்டன.

தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் என்ற அரசு நிறுவனத்தின் ஏகபோகம். 2023–24இல் அதன்மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்தக் கடையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் கம்பி வலைக்குப் பின்னால் விற்பனையாளர். வெளியே முண்டியடிக்கும் கைகள். ரூபாய் உள்ளே போகும், குவார்ட்டர் வெளியே வரும். யாரும் ஊற்றுவதில்லை, விற்கப்படுவது மூடிய பாட்டில். ஒட்டியிருக்கும் பாருக்கு அரசு விடும் டெண்டரோ, தின்பண்டம் விற்கவும் காலிப் பாட்டில் சேகரிக்கவுமான உரிமைக்குத்தான். தண்ணீரும் டம்ளரும் சைடு டிஷ்ஷும் கொண்டுவந்து வைக்கும் பையன், சட்டத்தின் பார்வையில் மது பரிமாறுபவன் அல்ல. நாள் முழுதும் ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவன். அவன் விற்பது சுண்டலும் ஆம்லெட்டும். மதுவை விற்றவரோ, அந்த மனிதரின் கையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. ஜோர்டன் ஹவுஸும் எட்மன்டன் அரங்கமும் எந்தக் கண்ணால் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனவோ அந்தக் கண் இங்கே இரண்டு பாதியாகப் பிளந்து, ஒரு பாதி அரசிடமும் மறுபாதி குத்தகைதாரரிடமும் இருக்கிறது. யாரும் திட்டமிட்டு இப்படி அமைத்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பொறுப்பைத் தவிர்க்கத் திட்டமிட்டிருந்தால் இதைவிடச் சிறப்பாக அமைத்திருக்க முடியாது.

அரசு என்பதால் வழக்குத் தொடுக்க முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வணிகம் செய்யும்போது அரசுக்கு இறையாண்மைக் கவசம் கிடையாது என்பது 1861இல் கல்கத்தாவில் தீர்ந்த பி. அண்ட் ஓ. கப்பல் நிறுவன வழக்கு முதல் வரும் கருத்து. தவிர டாஸ்மாக் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனம். தன் பெயரில் வழக்குத் தொடுக்கவும் தொடுக்கப்படவும் கூடியது. குடித்து ஓட்டப்பட்ட வண்டியில் அடிபட்டவர் கவனக்குறைவு என்ற பொதுவான தீங்கியல் கோட்பாட்டின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போவதற்குத் தடை ஏதுமில்லை. போனால் முதல் கேள்வியிலேயே சிக்குவார்: போதை தெரியும் நிலையில் இருந்தவருக்கு இந்தக் கடை விற்றது என்பதற்கு என்ன ஆதாரம்?

இல்லினாய் வழியில் போனால் அந்தக் கேள்வி தேவைப்படாது. ஜப்பான் வழியில் போனால், கடை வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகளே போதுமான சாட்சி. ஒருவேளை இரண்டையும் கலந்து, விற்கும் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, குடித்து ஓட்டப்பட்ட வண்டிகளால் அடிபட்டவர்களுக்கு டாஸ்மாக் நேரடியாகத் தரும் நிதியை ஏற்படுத்தலாம். 1849ஆம் ஆண்டு விஸ்கான்சின் ஈட்டுப் பத்திரம் அடிப்படையில் கேட்டது அதைத்தான். வருவாயைக் கணக்கில் எடுத்தால் அரசுக்கு அது பெரிய சுமையல்ல. ஆனால் அப்படி ஒதுக்குவது விற்பனைக்கும் விபத்துக்கும் தொடர்பு உண்டு என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதாகும். இப்போதைக்கு, பாட்டிலின் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பில் போடும் முறை கடைகளுக்கு வந்திருக்கிறது. ஆலையிலிருந்து கல்லா வரை ஒவ்வொரு பாட்டிலின் பயணமும் பதிவாகும். போலி மதுவையும் கூடுதல் விலையையும் தடுக்க அது உதவும். யார் வாங்கினார், எத்தனையாவது பாட்டில், எதில் ஏறிப் போனார் என்பவை அந்தப் பதிவில் இல்லை.